சேமிப்பும் வேலையும் ஒரே கணக்கில்: குடும்பத்தின் வாழ்நாள் மாதிரியைக் கட்டுவது எப்படி?

ஒரு குடும்பம் எந்த வயதில் எவ்வளவு சேமிக்கும், யார் வேலைக்குப் போவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் வாழ்நாள் மாதிரி. காட்பாடியில் முதுகலைப் பொருளியல் படிக்கும் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணிதம் தெரியாமல் யாரும் மாட்டிக்கொண்டதாக நினைவில்லை. மாட்டுவதெல்லாம் படிகளின் வரிசையில்தான். முதல் நாளே பைத்தானைத் திறந்து 50 வருட மாதிரியை எழுதிவிட்டு, வந்த எண் சரியா தப்பா என்று தெரியாமல் முழிப்பார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

வகையீடும் இயல் மடக்கையும் தெரிந்திருக்க வேண்டும். நிகழ்தகவில் எதிர்பார்ப்பு மதிப்பு என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். கணினிப் பக்கம் பைத்தான் இருந்தால் நல்லது. ஆனால் முதல் வாரத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டும் கால்குலேட்டரும்தான் வேண்டும்.

இன்னொன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பம். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. மாதிரி தரும் விடையை அந்த வீட்டு நடப்போடு ஒட்டிப் பார்க்கும்போதுதான் பாதித் தவறுகள் கண்ணில் படும்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"சேமிப்பைப் பற்றி ஆராய்கிறேன்" என்பது கேள்வி ஆகாது. "முதுமையில் மாதம் சுமார் 3,300 ரூபாய் ஓய்வூதியம் உறுதி என்றால், வீட்டில் இரண்டாவது ஆள் வேலைக்குப் போவது குறையுமா?" என்பது கேள்வி. இது எழுதப்படாதவரை மாதிரியில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று முடிவு பண்ண முடியாது. முடிவு பண்ணாதவர்கள் எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். மாதிரி ஓடவே ஓடாது.

3. குடும்பத்தைத் தாளில் வரையுங்கள்

கிடைக்கோடு ஒன்று போட்டு வயதுகளைக் குறியுங்கள். கல்யாணம், குழந்தைகள், பள்ளிக் கட்டணம், மகள் திருமணம், 58 வயதில் ஓய்வு, கடைசிக் காலம். ஒவ்வொரு வயதிலும் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்றும் எழுதுங்கள். நடுவயதில் செலவு ஏறுவதற்குப் பாதிக் காரணம் வீட்டில் வாய்கள் கூடுவதுதான். அதை விட்டுவிட்டால் அந்த ஏற்றத்துக்கு மாதிரி வேறு தவறான காரணத்தைக் கற்பித்துவிடும்.

யார் உழைக்கிறார்கள் என்று எழுதும்போது கவனம் தேவை. குடியாத்தத்தில் ஒரு மாணவி கணக்கெடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். "நீங்க வேலைக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான் வீட்லதான் சும்மா இருக்கேன்" என்று பதில் வந்தது. சொன்னவர் மடியில் முறம். முறத்தில் பீடி இலை, ஒரு ஓரமாகத் தூள். பேசிக்கொண்டே விரல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. மாணவி "வேலை இல்லை" என்று குறித்துக்கொண்டாள். "வேலைக்குப் போறீங்களா" என்று கேட்காமல் "நேத்து கையால் என்னென்ன பண்ணீங்க, அதுக்குக் காசு வந்துச்சா" என்று கேட்டிருந்தால் விடை வேறு.

4. மூன்று கட்டக் கணக்கைக் கையால் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் கணினி தரும் விடையை உரசிப் பார்க்க இதுதான் உரைகல்.

வாழ்நாளை 15 வருடக் கட்டங்கள் மூன்றாகப் பிரியுங்கள்: 25 முதல் 40, 40 முதல் 55, 55 முதல் 70. பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் வேலையில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. முதல் கட்ட வருமானம் 20 லட்சம், அதாவது மாதம் ஏறக்குறைய 11,100 ரூபாய். இரண்டாம் கட்டம் 30 லட்சம். மூன்றாவதில் ஒன்றுமில்லை. வட்டி பூஜ்யம், இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மதிப்பு.

பயன்பாட்டுக்கு, அதாவது செலவழிப்பதால் கிடைக்கும் திருப்தியின் அளவுக்கு, நுகர்வின் இயல் மடக்கையை எடுத்தால், மூன்று கட்டத்திலும் ஒரே அளவு செலவழிப்பதே சிறந்தது. ஒரு கட்டத்தில் அதிகம் தின்றுவிட்டு இன்னொன்றில் வயிற்றைக் கட்டினால் கிடைப்பதைவிட இழப்பது அதிகம். மொத்தம் 50 லட்சம், கட்டத்துக்கு 16.67. முதல் கட்டத்தில் 3.33 மிச்சம். இரண்டாம் கட்ட முடிவில் கையிருப்பு 3.33 + 30 − 16.67 = 16.67. அது முதுமைக்கு.

இப்போது இரண்டாம் கட்டத்தில் 12 லட்சத்துக்கு மகள் திருமணம் வருகிறது. மீதி 38 லட்சம், கட்டத்துக்கு 12.67. முதல் கட்டச் சேமிப்பு 3.33 லிருந்து 7.33 ஆகிறது. கல்யாணம் நடப்பது நாற்பதுக்கு மேல். அதற்காக வயிற்றைக் கட்டுவது முப்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து கல்யாணத்தை எடுத்துவிட்டு வருமானத்தை 10, 40, 0 என்று மாற்றுங்கள். மொத்தம் அதே 50, சமமாகப் பிரித்தால் அதே 16.67. ஆனால் முதல் கட்டத்தில் 6.67 லட்சம் கடன் வாங்கியாக வேண்டும். கடன் கிடைக்காது என்றால் முதல் கட்டத்தில் 10, அடுத்த இரண்டிலும் தலா 20. இதுதான் கடன் வரம்பு. மாதிரியில் இந்த வரம்பை எழுத மறந்தால், கணினி இருபத்தைந்து வயசுப் பையனுக்குக் கேட்ட கடனையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

5. வேலையை இங்கேயே சேருங்கள், பிறகு என்று தள்ளாதீர்கள்

வேலையை நிலையாக வைத்துவிட்டுச் சேமிப்பை மட்டும் தீர்த்து, "வேலையை அப்புறம் சேர்த்துக்கொள்கிறேன்" என்பவர்களே அதிகம். அந்த அப்புறம் வரும்போது எழுதியதையெல்லாம் உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன குடும்பத்தில் மனைவி இரண்டாம் கட்டத்தில் வேலைக்குப் போனால் 6 லட்சம் கூடுதலாக வரும். போனால் வீட்டு வேலையும் வெளி வேலையுமாக இரட்டைச் சுமை. அந்தச் சிரமத்தைப் பயன்பாட்டின் அளவில் 0.4 என்று வையுங்கள்.

திருமணச் செலவு இல்லாவிட்டால் மொத்தம் 50 லிருந்து 56 ஆகிறது. இலாபம், 56ஐ 50ஆல் வகுத்து அதன் மடக்கையை மூன்றால் பெருக்கினால் 0.34. சிரமமோ 0.4. போகமாட்டார். திருமணச் செலவு இருந்தால் 38 லிருந்து 44. அதே கணக்கில் இலாபம் 0.44. போவார்.

கூலி மாறவில்லை, சிரமம் மாறவில்லை. வரப்போகும் ஒரு செலவு அவரை வேலைக்கு அனுப்புகிறது. அவர் வேலைக்குப் போவதால் முதல் கட்டச் சேமிப்பும் 7.33 லிருந்து 5.33 ஆகக் குறைகிறது. குடும்பத்துக்கு வேலையும் ஒருவகைக் கையிருப்புதான் என்பதால் இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வழியில்லை.

வேலையை "போவது, போகாமல் இருப்பது" என்று வைப்பதா, மணிக்கணக்கில் வைப்பதா? ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் ஷிஃப்டை வெட்டி, தனக்கு வசதியான நான்கு மணி நேரம் போதும் என்று சொல்ல முடியாது. அங்கே இரண்டில் ஒன்று. வீட்டில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுகிறவர் இன்றைக்கு 400, நாளைக்கு 700 என்று மாற்றிக்கொள்ளலாம். அங்கே மணிக்கணக்கு. தொழிலைப் பார்த்து முடிவெடுங்கள். சமன்பாட்டின் வசதிக்காக எடுக்காதீர்கள்.

6. ஆண்டுக்கு ஒரு கட்டமாக விரியுங்கள்

இப்போதுதான் 25 முதல் 75 வரை வருடக் கட்டங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் முடிவெடுக்கத் தெரிய வேண்டியவை நிலை மாறிகள்: வயது, கையிருப்பு, வருமான நிலவரம். தேர்ந்தெடுப்பவை முடிவு மாறிகள்: நுகர்வு, வேலை.

வருடத்துக்குள் எது முதலில், எது பிறகு என்று எழுதி ஒட்டிவையுங்கள். அதிர்ச்சி (எதிர்பாராத வருமான மாற்றம்) தெரியவரும், வேலை முடிவாகும், கூலி வரும், செலவு நடக்கும், மீதிக்கு வட்டி ஏறும். ஒரு பையன் அதிர்ச்சி தெரியும் முன்பே செலவை முடிவுசெய்வதாக எழுதிவிட்டு, சேமிப்பு ஏன் இவ்வளவு பெருகுகிறது என்று இரண்டு வாரம் தேடினான்.

நிலை மாறிகளில் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பி.எஃப். சேவைக்காலம். பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.ஸில் 58 வயதில் ஓய்வூதியம் வர, குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். கணக்கு, ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 15,000 சம்பளத்தில் 15 வருடம் என்றால் மாதம் சுமார் 3,214. 10 வருடம் என்றால் 2,142. ஒன்பதாவது வருடம் வேலையை விடுவதும் பத்தாவது வருடம் விடுவதும் ஒன்றல்ல. இந்தத் திடீர் ஏற்றத்தைக் காட்டாத மாதிரி ஓய்வுக் கேள்விக்கு உதவாது. கேள்வி ஓய்வைப் பற்றியது இல்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

7. வட்டியையும் விலைவாசியையும் ஒரே அளவுகோலில் வையுங்கள்

பி.எஃப். வட்டி 2023-24இல் 8.25 சதவீதம். அதை அப்படியே போட்டுவிட்டு, கூலியை மட்டும் விலைவாசி நீக்கி எழுதினால் எல்லாரும் கோடீசுவரர் ஆவார்கள். விலைவாசி ஏற்றம் 5 சதவீதம் என்று கொண்டால் உண்மை வட்டி 1.0825 வகுத்தல் 1.05, அதாவது சுமார் 3.1 சதவீதம்.

கடன் பக்கம் தலைகீழான தவறு. நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். எத்தனையோ பேர் அதை வருடத்துக்கு 2 சதவீதம் என்று கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். வருடத்துக்கு 24, வட்டிக்கு வட்டி சேர்த்தால் 26.8. கொடுக்கும் வட்டியும் வாங்கும் வட்டியும் இவ்வளவு விலகியிருப்பதால் மாதிரியில் இரண்டு தனித்தனி வட்டி விகிதங்கள் வேண்டும்.

"எங்க சேமிப்பே இல்லைங்க" என்பவருடைய சம்பளச் சீட்டையும் பாருங்கள். 15,000 அடிப்படையில் தொழிலாளி பங்கு 1,800. முதலாளி பங்கான 1,800இல் 1,250 ஓய்வூதிய நிதிக்கும் மீதி 550 பி.எஃப்.புக்கும் போகிறது. மாதம் 2,350 அவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது. கையில் எடுக்க முடியாததால் அவர் அதைச் சேமிப்பாக எண்ணுவதில்லை. மாதிரியிலும் அது தனிப் பெட்டியாகவே இருக்கட்டும்.

ஏலச் சீட்டும் நகையும் முதல் பதிப்பில் வேண்டாம். சீட்டை முதல் மாதங்களில் எடுத்தவர் கடன்காரர், கடைசியில் எடுத்தவர் சேமித்தவர். ஒரே சீட்டில் இருவரும் இருப்பார்கள். அதைப் பிடிக்கத் தனி நிலை மாறி வேண்டும். நகை இன்னும் மோசம்: அது சேமிப்பு, அடமானம், சீர் மூன்றும்.

8. வருமான அதிர்ச்சியைப் பிரித்து எழுதுங்கள்

காய்ச்சலில் ஒரு மாதம் போவது தற்காலிக அதிர்ச்சி. முதுகு போய்க் கனமான வேலையே முடியாமல் ஆவது நீடிப்பது. முதலாவதைக் கையிருப்பு தாங்கும்; இரண்டாவதை யாராவது வேலைக்குப் போய்த்தான் தாங்க வேண்டும். இரண்டையும் ஒரே வகை அதிர்ச்சியாகப் போட்டால் வேலை முடிவு உயிரில்லாமல் போகும்.

மூன்றாவது வகையும் இந்த ஊரில் உண்டு: எல்லா வீட்டையும் ஒரே நாளில் தாக்குவது. பாலாற்று மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுக்கட்டுப்பாட்டு ஏற்பாடு செய்து அனுமதி பெறாத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொன்னது. அப்படிப்பட்ட வருடத்தில் கணவருக்கு வேலை போனால் மனைவிக்கும் அதே தொழிலில் வேலை கிடைக்காது. இருவரின் அதிர்ச்சிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எழுதுவது வசதி. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு அது பொருந்தாது.

நீடிக்கும் அதிர்ச்சியைக் கணினிக்கு ஐந்து அல்லது ஏழு படிகளாக உடைக்க வேண்டும். நீடிப்பின் அளவு ஒன்றை நெருங்கினால், அதாவது அதிர்ச்சி ஏறக்குறைய அழியாமல் தொடர்ந்தால், படிகளை அமைக்க டௌசன் (Tauchen) முறையைவிட ரூவன்ஹார்ஸ்ட் (Rouwenhorst) முறை நன்றாக ஒட்டும்.

9. கடைசி வயதிலிருந்து பின்னோக்கித் தீர்த்து வாருங்கள்

கடைசி வருடத்தில் இருப்பதையெல்லாம் செலவழிப்பது சிறந்தது. பிள்ளைகளுக்கு வீடு விட்டுப் போகாத அப்பா இங்கே யார் என்ற கேள்வி எழும். மரபுரிமை ஆசையைப் பிறகு சேர்க்கலாம், முதலில் மாதிரி ஓடட்டும். கடைசி வருட விடை தெரிந்தால் அதற்கு முந்தைய வருடம், பிறகு அதற்கும் முந்தையது. இன்றைக்கு ஒரு ரூபாயின் கூடுதல் பயன், அதை வைத்திருந்தால் அடுத்த வருடம் எதிர்பார்க்கும் கூடுதல் பயனை, ஒன்றோடு வட்டி விகிதத்தைக் கூட்டியதாலும் பீட்டாவாலும் (நாளைய பயனுக்கு இன்றைக்குத் தரும் எடை) பெருக்கியதற்குச் சமமாக வேண்டும். இதுதான் ஆய்லர் சமன்பாடு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடுத்த வருட நுகர்வு பாதி வாய்ப்பில் 10, பாதி வாய்ப்பில் 20. கூடுதல் பயன் என்பது ஒன்றை நுகர்வால் வகுத்தது. இரண்டையும் தனித்தனியே எடுத்துச் சராசரி கண்டால் 0.075. அவசரப்பட்டுச் சராசரி நுகர்வு 15ஐ எடுத்து ஒன்றை வகுத்தால் 0.067. அந்த வித்தியாசம்தான் கஷ்டகாலத்துக்கென்று ஒதுக்கும் சேமிப்பு. சராசரியை முதலில் எடுத்தால் அது மாதிரியிலிருந்தே மறைந்துவிடும்.

கையிருப்புக் கிரிட்டை, அதாவது கணக்குப் போடும் கையிருப்புப் புள்ளிகளின் வரிசையை, சம இடைவெளியில் போடாதீர்கள். பூஜ்யத்துக்கு அருகில்தான் நுகர்வுக் கோடு வளைகிறது. புள்ளிகள் அங்கே நெருக்கமாக வேண்டும். வேகம் வேண்டுமானால் கிறிஸ்டோபர் கேரல் 2006இல் வெளியிட்ட முறை இருக்கிறது. மீதம் வைக்கும் தொகையை முதலில் நிறுத்தி, அதிலிருந்து நுகர்வைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சமன்பாட்டின் விடையைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் வேலை "போவது, போகாமல் இருப்பது" என்றால் அந்த முறையை அப்படியே போடக்கூடாது. போனால் கிடைக்கும் வாழ்நாள் பயன், போகாவிட்டால் கிடைப்பது என்ற இரண்டு மதிப்புக் கோடுகள் வெட்டும் இடத்தில் முனை வரும். முனைக்குப் பக்கத்தில் ஆய்லர் சமன்பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரலாம், எல்லாம் சிறந்தவை ஆகா. இரண்டு தேர்வையும் தனித்தனியே தீர்த்து, மேலே இருக்கும் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். முதல் தடவை எழுதுபவர்கள் வேகத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாத் தேர்வையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்தாலே போதும். மெதுவாக ஓடும், தப்பாக ஓடாது.

10. கணினியைப் பரீட்சை செய்யுங்கள்

அதிர்ச்சியை நிறுத்தி, வட்டியைப் பூஜ்யமாக்கி, மூன்று கட்டம் வைத்து ஓட்டுங்கள். 16.67 வர வேண்டும். கல்யாணம் சேர்த்து, மனைவியின் வேலையை மூடிவைத்தால் 12.67. திறந்துவிட்டால் 14.67, அவர் வேலைக்குப் போயிருக்கவும் வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

பிறகு, கையிருப்பு கூடும்போது நுகர்வு எங்காவது இறங்குகிறதா என்று பாருங்கள். வேலையை விடும் இடத்தில் இறங்கினால் அது இயல்பு; வேறெங்கும் இறங்கினால் பிழை. யாராவது கிரிட்டின் உச்சியில் போய் முட்டுகிறார்களா என்றும் பாருங்கள். முட்டினால் கிரிட் சிறியது.

11. ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஓட்டுங்கள்

10,000 குடும்பங்களை 25 வயதில் தொடங்கி முன்னோக்கி ஓட்டுங்கள். தற்செயல் எண்களின் விதையை (அந்த எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றாமல் வையுங்கள். இல்லாவிட்டால் விடை மாறியதற்குக் காரணம் உங்கள் கொள்கையா, பகடையா என்று தெரியாது. எல்லாரையும் பூஜ்யக் கையிருப்போடு தொடங்கவிடாதீர்கள். சிலர் அப்பாவின் கடனோடும் தொடங்குகிறார்கள்.

12. தரவோடு பொருத்துங்கள்

கூலி, வேலைப் பங்கேற்புக்குக் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. சொத்து, கடனுக்கு 2019ஆம் ஆண்டின் அகில இந்தியக் கடன் முதலீட்டுக் கணக்கெடுப்பு. நுகர்வுக்கு 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. மூன்றும் மூன்று வெவ்வேறு வீடுகள். படிப்பு, வயது, ஊர் வகை வாரியாகத் தொகுத்துத்தான் இணைக்க முடியும். ஒரு மாவட்டத்தை மட்டும் பிரித்தெடுத்தால் ஒவ்வொரு தொகுப்பிலும் விரல்விட்டு எண்ணும் வீடுகளே மிஞ்சும்; தமிழ்நாடு முழுவதையும் எடுங்கள்.

மாவட்டப் பெயரை நம்பி வருடங்களை ஒப்பிடவும் கூடாது. 1989 வரை வட ஆற்காடு என்றால் திருவண்ணாமலையும் சேர்ந்தது. 2019 பிரிவினைக்கு முன் வேலூர் என்றால் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உள்ளே, இப்போது வெளியே.

வெளியிலிருந்து தெரிபவற்றை முதலில் நிறுத்துங்கள்: வட்டி, கூலிக் கோடு, உயிர்வாழ் நிகழ்தகவு. மிஞ்சுவது பீட்டாவும் வேலைச் சிரமமும். ஐம்பதுகளில் உள்ளவர்களின் கையிருப்பு பீட்டாவைச் சொல்லும். நாற்பதுகளில் பெண்களின் பங்கேற்பு சிரமத்தைச் சொல்லும். ஒன்றைத் திருகினால் மற்றதும் நகரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஒரே வருடத் தரவில் வயதுவாரியாகக் கோடு போட்டு அதை வாழ்நாள் என்று நினைப்பது பழைய தவறு. இன்றைக்கு அறுபது வயதுக்காரர் வீட்டிலிருந்து பீடி சுற்றியவராக இருப்பார். இருபத்தைந்து வயதுப் பெண் கம்பெனி பஸ்ஸில் போகிறவள். இவள் அவராக ஆகப்போவதில்லை. பல வருடத் தரவை எடுத்துப் பிறந்த ஆண்டு வாரியாகப் பிரியுங்கள்.

13. கேள்வியைக் கேளுங்கள், இரண்டு முறை

இரண்டாம் படியில் எழுதிய ஓய்வூதியக் கேள்விக்கு இப்போது வரலாம். பெரிய மாதிரியில் ஓட்டும் முன் மூன்று கட்டத்தில் போட்டுவிடுங்கள். திருமணச் செலவு உள்ள குடும்பம். மூன்றாம் கட்டத்தில் 6 லட்சம் ஓய்வூதியம், மாதத்துக்குச் சுமார் 3,300.

முதலில் வேலையை நிலையாக வையுங்கள், மனைவி போய்க்கொண்டே இருக்கட்டும். மொத்தம் 50, கட்டத்துக்கு 16.67. 55 வயதில் கையிருப்பு 14.67 லிருந்து 10.67 ஆகிறது. நுகர்வு 2 லட்சம் கூடியது, சேமிப்பு 4 லட்சம் குறைந்தது.

அடுத்து அவரைத் தேர்வுசெய்ய விடுங்கள். போகாவிட்டால் மொத்தம் 44, போனால் 50. இலாபம் 0.38, சிரமம் 0.4. நின்றுவிடுவார். நுகர்வு கட்டத்துக்கு 14.67, ஓய்வூதியத்துக்கு முன் இருந்த அதே அளவு. 55 வயதில் கையிருப்பு 8.67, சேமிப்பு 6 லட்சம் குறைந்தது.

செலவுத் தரவை மட்டும் பார்ப்பவர் ஓய்வூதியத்தால் எந்தப் பலனும் இல்லை என்று எழுதுவார். இங்கே வந்த 6 லட்சமும் அந்தப் பெண்ணின் 15 வருட ஓய்வாகிவிட்டது. பெரிய மாதிரியிலும் இந்த இரண்டு ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள்.